சித்தி சீல் வைத்த உறை

இந்தப் பூமி உருண்டை இன்றுவரை நடுவில் பிளந்து இரண்டு பாதியாகப் போகாமல் இருக்கிறதென்றால், அதற்கு என் சித்தி ஒருத்திதான் காரணம். கண்டங்கள் பிரிந்த காலத்தில் அவள் பிறந்திருக்கவில்லை. பிறந்திருந்தால் ரெண்டு வாளி தார் ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு இழுத்து, ஒட்டிவைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போயிருப்பாள். விமானங்கள் இறங்குவதற்கு முன் வானத்தில் ஒரு வட்டம் அடிக்கின்றனவே, அது காற்றுக்காக இல்லை. கீழே சித்தி நிற்கிறாளா, என்ன மனநிலையில் நிற்கிறாள் என்று பார்த்துக்கொள்ளத்தான்.

உண்மையில் அவள் செய்வது விரிசல் அடைக்கிற வேலை. கார் நிறுத்துமிடம், கிடங்கு வாசல், பள்ளிக்கூட மைதானம் என்று தார் போட்ட தரை எங்கே வெடித்தாலும் போவாள். விரிசலைச் சூடான காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த தாரை உருக்கி உள்ளே ஊற்றி மூட வேண்டும். தொழிலில் இதற்குச் ‘சீல் வைப்பது’ என்று பெயர். ஒருமுறை ஒரு கடைக்காரருக்குப் போன் செய்து, நாளைக் காலையில் உங்கள் கடைக்குச் சீல் வைக்க வருகிறோம் என்று சொன்னதும், அவர் ராத்திரியோடு ராத்திரியாகச் சரக்கை எல்லாம் மச்சினன் வீட்டுக்குக் கடத்திவிட்டார். வாசல் விரிசலை அடைக்கச் சொல்லி எங்களை அழைத்ததே அவர்தான். அந்தப் போனைப் பேசியது நான். என் குரல் அன்றைக்குக் கொஞ்சம் அரசாங்கக் குரலாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அம்மா வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள். பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். எனவே நான் சித்தியோடு இருக்கிறேன், வண்டியும் சாமான்களும் நிற்கிற அவளுடைய யார்டில் சாலைக் கூம்புகளை அடுக்கி வைக்கிறேன், திட்டு வாங்குகிறேன். சித்தியின் வாயில் நல்ல வார்த்தை வருவதும் தார்க் கெட்டிலுக்குள் தண்ணீர் போவதும் ஒன்று. உடனே எல்லோரும் பத்தடி தள்ளி நிற்பார்கள். தண்ணீர் பட்டால் கொதிக்கிற தார் பொங்கி வெளியே அடிக்கும். சித்தி சிரித்தால் என்ன ஆகும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

அவளுக்கு ஒரு கணவர் இருந்தார். அவரை நான் ‘முன்னாள்’ என்று கூப்பிடுகிறேன். பதவி போன அமைச்சர் மாதிரியே நடப்பார், அதே மாதிரி சிரிப்பார். முதலில் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் தொழில் செய்தார்கள். பிரியும்போது லாரிகள், வாடிக்கையாளர்கள், கம்பெனியின் பெயர் எல்லாம் அவருக்குப் போயின. சித்திக்குக் கெட்டில் வந்தது. கெட்டில் என்றால் தேநீர் போடுகிற சாமான் இல்லை. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற, தார் உருக்கும் இரும்புத் தொட்டி. ஆட்களை எப்படிப் பிரிப்பது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. மூன்று பேர் அன்றைக்குக் கெட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்படியே எங்களோடு வந்துவிட்டார்கள்.

அந்த மூன்று பேரில் மூத்தவர், கெட்டிலைப் பற்றவைத்துப் பார்த்துக்கொள்கிறவர்தான் கெட்டில்காரர். மற்ற ரெண்டு பேரும் அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

எங்கள் பக்கத்துச் சின்ன விமான நிலையத்தில் ஓடுபாதை விரிசல்களை அடைக்க டெண்டர் விட்டார்கள். அந்த வருடம் சித்தியிடம் வேறு பெரிய வேலை எதுவும் இல்லை. முன்னாள் அக்கம்பக்கத்துக் கிடங்குகளை எல்லாம் ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டிருந்தார். சித்திக்கு அவர் வேலையைப் பிடுங்கியது பெரிதில்லை. பிடுங்கிய ஒவ்வொரு இடத்திலும், “அவங்களை நான் ஒண்ணும் தப்பா சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

டெண்டர் போடுகிறவர்கள் முதலில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். போட்டிக்கு வந்தது ரெண்டே கம்பெனி. எந்த ரெண்டு என்று சொல்லத் தேவையில்லை.

அந்த விமான நிலையத்தில் காலையில் ஒரு விமானம் வரும், சாயங்காலம் ஒன்று போகும். நடுவில் பறவைகள் வரும். அங்கே மேலாளர்தான் எல்லாம். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அவர், பறவை விரட்டுபவர் அவர், கழிப்பறைச் சாவி வைத்திருப்பவரும் அவர். ஓடுபாதையில் எங்களை நடத்திக் கூட்டிப்போனார். விரிசல்களுக்குள் புல் முளைத்து வரிசையாக நின்றது. முன்பு யாரோ ஊற்றிய தார் காய்ந்து, பழைய செருப்புத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது. சித்தி குனிந்து அதில் ஒரு துண்டைக் கிழித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர எறிந்தாள். முன்னாள் பளபளக்கிற ஷூவோடு மேலாளர் பக்கத்திலேயே நடந்தார்.

“மேடம் கொஞ்சம் கோபக்காரங்க சார், நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க” என்றார். இன்னும் வீட்டுக்காரர் மாதிரி.

“என் கோபத்துக்கு ஜாமீன் போட இவர் இப்ப யாரும் இல்ல சார்” என்றாள் சித்தி.

மேலாளருக்கு ஒரு கவலைதான். தார் ஊற்றினால் அதன்மேல் எப்போது சக்கரம் ஓடலாம்? சித்தி, காலை விமானம் இறங்கியதும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் நிறுத்துவேன், ஊற்றியது தானாக ஆறட்டும், வேலை முடியக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றாள். முன்னாள் சிரித்தார். ஊற்றின கையோடு கல்தூளைத் தூவிவிட்டால் சக்கரத்தில் ஒட்டாது, உடனே வண்டி ஓடலாம், இவள் சொல்வதில் பாதி நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். ரோட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மேலாளர், இது ரோடு இல்லை, ஒரு சின்னக் கல் ஓடுபாதையில் கிடந்தாலும் எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொன்னார். பெருக்கிவிடுவோம் சார், ஆளுங்க எதுக்கு இருக்காங்க என்றார் முன்னாள். சீக்கிரம் முடியும் என்ற வார்த்தை மேலாளருக்குப் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது.

கிளம்பும்போது அவர் ஒரு நிபந்தனையைச் சொன்னார். வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே ஏதாவது ஒரு விமான நிலையத்தில் இதே வேலை செய்திருக்க வேண்டும். அவர்கள் பெயரை டெண்டரில் எழுத வேண்டும்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர்தான். சித்தியும் முன்னாளும் ஒன்றாக இருந்த காலத்தில் வேறொரு ஊர் விமான நிலையத்தில் வேலை செய்த அதே மூன்று பேர்.

வேனில் திரும்பி வரும்போது சித்தி கெட்டில்காரரிடம், பெயரை எழுதலாமா என்று கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். “எழுதிடறேன், அப்புறம் அங்க இங்கன்னு ஓடக் கூடாது” என்று மிரட்டினாள்.

அவர், “பாக்கலாம்” என்றார்.

நம் மொழியில் இந்தச் சொல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொன்னால் இல்லை என்று அர்த்தம். கடன் கேட்கப்போன இடத்தில் சொன்னால் கிடைக்காது என்று அர்த்தம். டாக்டர் சொன்னால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கெட்டில்காரர் சொன்னால் என்ன அர்த்தம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

முன்னாள் அவரைத் தேடி வீடுவரைக்கும் போய்ப் பேசியிருக்கிறார் என்று யார்டில் பேச்சு அடிபட்டது. புது ஷூ, புதுக் கையுறை, திட்டு கிடையாது. அந்தக் கடைசி விஷயத்துக்கு நானே போயிருப்பேன். சித்திக்கும் பேச்சு எட்டியது. வேறு யாராக இருந்தாலும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். சித்தி அந்த வாரம் முழுக்கக் கெட்டில்காரர் மேல் எரிந்து விழுந்தாள். பர்னரை ஏன் இப்படி வைத்தாய், குழாயை ஏன் அப்படிச் சுருட்டினாய், ஏன் மூச்சு விடுகிறாய் என்பதுதான் பாக்கி. ஒரு வார்த்தை நல்லவிதமாகச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்று கேட்டேன். கையுறை பறந்து வந்தது. குனிந்துவிட்டேன்.

“போகட்டும்” என்றாள். “போனா டெண்டரும் போச்சு, யார்டும் போச்சு. கெட்டிலைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நானும் உன்னை மாதிரி சும்மா திரியறேன்.”

சொல்லிவிட்டுக் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. காலியான தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெண்டரை ‘சீல் வைத்த உறையில்’ போட வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. எல்லோரும் கடைக்குப் போய் அரக்கு வாங்கி உருக்கி வைப்பார்கள். சித்தி அந்த வரியைப் படித்ததும் இத்தனை நாளாகக் காணாத ஒரு பெருமிதம் அவள் முகத்தில் வந்தது. சீல் வைப்பதற்கு நாம் போய் இன்னொருத்தன் கடையில் நிற்பதா என்றாள். கெட்டிலின் குழாய் வாயில் ஒட்டியிருந்த ரப்பர் தாரைச் சுரண்டி, கரண்டியில் உருக்கி, உறையின் மடிப்பில் பெரிய பொட்டாக வைத்தாள். ஆறியதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்பாக, வட்டமாக, நடுவில் அவள் கட்டைவிரல் ரேகையோடு. அதை அவளே கொண்டுபோய் மேலாளர் அறையில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டி ஜன்னலடியில் இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் நல்ல வெயில்.

டெண்டர் திறக்கிற அன்றைக்குக் கெட்டில்காரர் வெளியே வேனிலேயே இருந்துகொண்டார். மேலாளர் சித்தியையும் முன்னாளையும் என்னையும் தன் அறையில் உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்த முன்னாளின் உறையை எடுத்தார். அதோடு சேர்ந்து சித்தியின் உறையும் எழுந்து வந்தது. உதறினார். விழவில்லை. ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். ரெண்டு உறைகளுக்கும் நடுவில் கறுப்பு நூல் ஒன்று நீண்டு, விட்டதும் மறுபடி சுருங்கி, இரண்டையும் இன்னும் நெருக்கமாகச் சேர்த்துவைத்தது. இரும்புப் பெட்டிக்குள் வெயிலில் சித்தியின் சீல் இளகியிருக்கிறது.

நான் சிரிக்கவில்லை. உதட்டை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

“ஒரு கவருக்கு ஒழுங்கா சீல் வைக்கத் தெரியல” என்றார் முன்னாள். “இவங்க ஓடுபாதைக்கு வைக்கப் போறாங்களாம்.”

சித்தியின் உறையைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். மேலாளர் விதிமுறையைப் புரட்டிப் பார்த்தார். கிழிந்த உறை செல்லாது என்றுதான் அதில் இருந்தது. ஒட்டிக்கொண்ட உறையைப் பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை. இழுத்தால் எந்த உறை கிழியும் என்று சொல்ல முடியாது. சித்தி, உங்களிடம் குளிர்பெட்டி இருக்கிறதா, அதன் உறைய வைக்கிற தட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் விறைத்துப்போய் விட்டுவிடும் என்றாள். மேலாளர் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த ஜோடியை உள்ளே வைத்தார். யாரும் போய்த் தொட்டுவிடக் கூடாது என்று குளிர்பெட்டி முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்படித்தான் சித்தியும் முன்னாளும் பல வருடம் கழித்து ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. நடுவில் நானும் சாப்பாட்டு டப்பாவும்.

“ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது பாரு” என்றார் முன்னாள். “யாரோட சரக்கு, சும்மாவா.”

“அதுக்கு நல்லது கெட்டது தெரியாது” என்றாள் சித்தி. “விழுந்த இடத்துல பிடிச்சுக்கும். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன்.”

முன்னாளின் சிரிப்பு அங்கே நின்றது. அதற்கு அப்புறம் அவர் பேசியதில் அமைச்சர்த்தனம் இல்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார்.

“உன்னால யாரை நிறுத்தி வைக்க முடிஞ்சுது சொல்லு. வீட்டுல நான் நிக்கல. உன் வாய்க்குப் பயந்து அக்கா பொண்ணைத் தவிர ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கறதில்ல. கெட்டில்காரர் போன வாரமே எனக்கு வாக்கு குடுத்துட்டாரு. என் கவர்ல முதல் பேரே அவருதுதான். வெளியில உன் வண்டியில உக்காந்திருக்காரே, அது உனக்காகன்னு நெனச்சியா?”

சித்தி கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பை மற்ற விரலால் சுரண்ட ஆரம்பித்தாள். சுரண்டிக்கொண்டே இருந்தாள். அந்த மனிதரின் ஷூவுக்குள் உருகின தாரை ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அளவு என்ன என்றுகூட யோசித்தேன்.

மேலாளர் மட்டும் திரும்பினார். ரெண்டு பேரும் ஒரே ஆளின் பெயரையா எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். எழுந்து உறைகளை எடுத்தார். மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். பட்டென்று பிரிந்தன. ரெண்டும் கிழியவில்லை. திறந்து பார்த்தால் ரெண்டிலும் அதே மூன்று பெயர்கள். அவர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துக் கெட்டில்காரரை உள்ளே வரச் சொன்னார். யாரிடம் வேலை செய்யப் போகிறீர்கள், இப்போதே சொல்லுங்கள், இன்னொருத்தர் டெண்டர் செல்லாது என்றார்.

கெட்டில்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முன்னாள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“வாக்கு குடுக்கல. பாக்கலாம்னு சொன்னேன்” என்றார் முன்னாளிடம். சித்தி பக்கம் திரும்பி, “உங்ககிட்டயும் அதான் சொன்னேன்” என்றார்.

“சரி, இப்ப பாத்துச் சொல்லுங்க” என்றார் மேலாளர்.

கெட்டில்காரர் முன்னாளைக் கேட்டார். “கல்தூள் தூவுவீங்களா?”

“தூவாம எப்படி? அப்பத்தானே சீக்கிரம் முடியும்.”

“பெருக்கறது யாரு?”

முன்னாள் ஒருமுறை மேலாளரையும் ஒருமுறை கெட்டில்காரரையும் பார்த்தார். “ஆளுங்கதான்” என்றார்.

“ஆளுங்கன்னா நாங்க” என்றார் கெட்டில்காரர். “இன்னைக்குக் காலைல கதவைத் திறக்கறேன். எவனோ வாசல் சிமெண்டுல மஞ்சள் பெயிண்டால கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கான். ‘புது முதலாளியின் பெருக்கல் படை இங்கே வசிக்கிறது.’ பக்கத்துல ஒரு தொடப்பம் படம் வேற. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் வண்டில வரும்போது அந்த ஓடுபாதை நீளத்தை மனசுக்குள்ள பெருக்கிப் பாத்தேன். முதுகு இப்பவே வலிக்குது.”

இப்படி எழுதுகிற பயல்களை எல்லாம் பிடித்து உதைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை.

“இந்தம்மா திட்டுவாங்க” என்றார் அவர். சித்தியைப் பார்க்காமலே, புகார் சொல்கிற குரலில்தான் சொன்னார். “விடிஞ்சா திட்டு, சாயங்காலம் திட்டு. ஆனா திட்டு கீழ கொட்டாது. பெருக்க வேண்டியதில்ல.”

மேலாளருக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. சீக்கிரம் முடிக்கிறவர் போய், மெதுவாக முடிக்கிறவர் கையில் மாட்டிக்கொண்டோமே என்று முணுமுணுத்துக்கொண்டே சித்தியின் தாளில் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் தாமதமானாலும் விட மாட்டேன் என்று விரலை நீட்டினார். சித்தி அந்த விரலைக் கடித்துவிடுவாளோ என்று பயந்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

முன்னாள் வாசல்வரை போய்த் திரும்பினார். நாலு நாளில் இவரும் ஓடிவிடுவார், அப்புறம் என்னிடம் வராதே என்றார்.

“உங்க கவரை விட்டுட்டுப் போறீங்க” என்றாள் சித்தி. “என் சரக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கு. பரவாயில்ல, வச்சுக்குங்க.”

வேனில் ஏறியதும் கெட்டில்காரருக்கு அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எரிவாயுக் குழாயைச் சரியாக மூடாமல் வந்தாயா என்று ஆரம்பித்தாள். யார்டு வரும்வரை நிறுத்தவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஒரே ஒருமுறை, “பாக்கலாம்” என்றார். எனக்குக் கேட்டவரை அதில் சந்தோஷம் இருந்தது. ஆனால் எனக்குக் காது அவ்வளவு கூர்மை இல்லை.

மறுநாள் காலையில் சித்தி யார்டில் ஒரு பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, மஞ்சள் பெயிண்டும் தூரிகையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஓடுபாதை ஓரத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று பலகை வைக்க வேண்டுமாம்.

“ஏய், இங்க வா. முதலாளின்னு எழுதணும். எந்த ல?”

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் எழுத்துச் சந்தேகம் கேட்டதில்லை. வாத்தியார்கள்கூட என் தாளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குத்தான் சந்தேகம் வந்ததாகச் சொல்வார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

“பெரிய ள சித்தி. குண்டா இருக்கும் பாரு, அது.”

“ரெண்டு எழுத்துக்குமா?”

“ரெண்டுக்கும்.”

சித்தி தூரிகையை டப்பா மேல் வைத்தாள். எழுதவில்லை. அப்போதுதான் பார்த்தேன், பலகையில் முதலாளி என்று ஏற்கெனவே எழுதி முடித்துக் காய்ந்தும் இருந்தது. முதலில் சின்ன ல, அடுத்ததுதான் குண்டு ள.

“கெட்டில்காரர் வாசல்லயும் ரெண்டும் குண்டாத்தான் இருந்துச்சு” என்றாள். “விடியக்காலைல போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

நான் ஓடுவதற்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து, பெயிண்ட் டப்பாவை அதில் மாட்டினாள். கண்ணில் தூசி விழுந்த மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அழிக்க வேண்டாம். திருத்திட்டு மட்டும் வா.”